களிம்பு வளர்த்தவள்

எங்கள் பட்டறையில் அவளுக்குப் பெயர் களிம்பு. செம்புப் பாத்திரத்தைக் கழுவாமல் போட்டு வைத்தால் பச்சையாகப் பிடிக்குமே, அதேதான். ஊரெல்லாம் தேய்த்துக் கழுவித் தொலைக்கிற ஒரு சமாசாரத்தை, ஈரம் காட்டி, மூடி வைத்து, அடிக்கொரு தரம் திறந்து பார்த்து, கைப்பிள்ளை போல வளர்த்தவள் இவள் ஒருத்திதான். பெயரை வைத்தது யாரென்று நினைவில்லை. நானாகக்கூட இருக்கலாம். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "கண்ணு, ராசாத்தின்னு கூப்பிட்டா நாலு பேரு திரும்புவாங்க. களிம்புன்னா நான் மட்டும்தானே திரும்பணும், வேலை மிச்சம்" என்றாள்.

எங்களுடையது பெயர்ப்பலகைப் பட்டறை. வாசல் கதவுக்கு மாட்டுகிற பித்தளைத் தகடுகள், பரிசுக் கோப்பையின் அடியில் ஒட்டுகிற சின்னத் தகடுகள், 'நாய் ஜாக்கிரதை', 'இங்கே வண்டி நிறுத்தாதீர்' என்று எல்லாம் உண்டு. எழுத்து வர வேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் மை பூசி, தகட்டை, உலோகத்தை அரிக்கிற ஃபெரிக் தண்ணீரில் போட்டால், மை இல்லாத இடத்தைத் தண்ணீர் தின்றுவிடும். எழுத்து பள்ளமாகிவிடும். பள்ளத்தில் கறுப்பு பெயின்ட்டைத் தேய்த்து, மேலே துடைத்துவிட்டால் பலகை தயார். தண்ணீர்த் தொட்டி அவள் பொறுப்பு. ஓரங்களை அரம் போட்டு மழமழப்பாக்குவது என் பொறுப்பு. நாளெல்லாம் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். அவள் வாய்க்கும் என் காதுக்கும் ஓய்வே கிடையாது.

முதலாளிக்குக் கறுப்பு ஒன்றுதான் நிறம். "பலகை எதுக்கு? படிக்க. கறுப்பு போடு, படிப்பான்" என்பார். அவர் சொன்னபடியே போடுவாள் களிம்பு. ஆனால் கை சும்மா இருக்காது. ஒரு தடவை, 'மணியை ஒரு முறை அடித்தால் போதும்' என்று தகடு கேட்டிருந்தார் ஒருவர். அதன் கீழ் ஓரத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி சின்ன எழுத்தில், 'கேட்டுவிட்டது, வருகிறோம்' என்று சேர்த்து அரித்துவிட்டாள். முதலாளி கண்ணுக்கு அது தெரியவில்லை. தகடு கதவில் ஏறியும்விட்டது. சில நாளில் அந்த மனிதர் பட்டறைக்கே வந்து நின்றபோது நான் அரத்தைக் கீழே வைத்துவிட்டேன். அவரோ, "என் தம்பி வீட்டுக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணும். கீழே அந்தச் சின்ன எழுத்தையும் மறக்காம போடுங்க" என்றார். முதலாளி எந்தச் சின்ன எழுத்து என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் களிம்பு தொட்டிப் பக்கம் போய்விட்டாள்.

மிஞ்சிய செம்புத் துண்டுகளை முதலாளி கேட்டால் கொடுத்துவிடுவார். களிம்பு அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய், மீன், இலை, கோபக்காரப் பூனை முகம், மடிந்த குடை என்று வரைந்து அரித்து, கொக்கி மாட்டித் தோடாக்குவாள். அழகாகத்தான் இருக்கும். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் சொன்னோம். அவளுடைய நாத்தனார் மட்டும் வேறு மாதிரி சொன்னாள்.

நாத்தனாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். களிம்பின் கணவருக்கு அக்கா. அதே வீட்டின் மாடியில் அழகு நிலையம் நடத்துகிறவள். தலைமுடிக்குச் சாயம், நகத்துக்குப் பூச்சு, முகத்துக்குப் பளபளப்பு. வாய்க்கு மட்டும் பூச்சு எதுவும் கிடையாது. மீன் தோட்டைக் கையில் வாங்கித் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா காதுல பெயர்ப்பலகை மாட்டின மாதிரி இருக்கும்மா. மீன்னு எழுதி வச்ச மாதிரி."

அந்த ஒரு வார்த்தை களிம்பின் நெஞ்சில் ஃபெரிக் தண்ணீர் போலப் போய் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தது. அன்று மதியம் சாப்பிடும்போது என்னிடம் சொன்னாள்: "சொன்னது யாரா வேணா இருக்கட்டும், சொன்னது சரி. பள்ளத்துல கறுப்பைத் தவிர நான் எதைப் போட்டிருக்கேன்? இனிமே என் மீனுக்கு நிறம் உண்டு."

முதலில் அவள் போனது பக்கத்திலேயே கிடைத்த சரக்குக்கு. மாடியில் நாத்தனாரின் நகப்பூச்சுகள், இளஞ்சிவப்பில் தொடங்கிக் கருநீலம் வரை அலமாரி நிறைய வரிசையாக நிற்கும். இவள் எடுத்தது திருட்டு என்று சொல்ல முடியாது என்பது இவள் கட்சி. அடியில் கொஞ்சூண்டு மிச்சம் இருந்த குப்பிகளைத்தான் எடுத்தாளாம். "அடி வண்டல் யாருக்குச் சொந்தம்? அது காய்ஞ்சு போனா அண்ணிக்கே நஷ்டம்" என்று என்னைப் பார்த்தே நியாயம் கேட்டாள். நான் நீதிபதி இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பூச்சைப் பள்ளத்தில் விட்டு, காயவிட்டு, மேட்டில் ஒட்டியதை மட்டும் துடைத்தெடுத்தாள். துடைக்கிற திரவமும் மாடிச் சரக்குதான். மேட்டுக்கோடுகள் செம்பாக மின்ன, பள்ளமெல்லாம் பவழ நிறம். மீன் உயிரோடு வந்து நின்றது. பட்டறைக்கே அதைப் போட்டுக்கொண்டு வந்து, முதலாளி முன்னால் தேவையில்லாமல் தலையை ஆட்டிக்கொண்டே நடந்தாள். வாரக் கடைசிக்குள் மீன் நிஜமாகவே செதில் உதிர்த்தது. தகடு லேசாக வளைந்தால் போதும், பூச்சு தோல் உரிந்து கொட்டியது. அவள் தோளெல்லாம் பவழத் துகள்.

"பெயின்ட் அடிச்சது அடிச்சதுதான். மேல ஒட்டிக்கிட்டு இருக்கும், ஒரு நாள் கோவிச்சுக்கிட்டுப் போயிடும். செம்புக்குள்ள இருந்தே நிறம் வரணும்" என்று முடிவு கட்டினாள்.

அதற்கு அவள் பிடித்த வழி முட்டை. வேகவைத்த முட்டையைச் சூட்டோடு மசித்து, ஒரு டப்பாவில் போட்டு, முட்டை மேலே படாமல் செம்புத் துண்டுகளையும் உள்ளே வைத்து மூடிவிட்டால், முட்டையிலிருந்து வருகிற ஆவி செம்பை முதலில் பொன்னிறமாக்கும், அப்புறம் ஊதா கலந்த பழுப்பு, கடைசியில் கருமை. எங்கேயோ படித்திருந்தாள். படித்தது உண்மைதான். ஆனால் டப்பாவை உடனே திறந்து கழுவ வேண்டும் என்கிற பாகத்தை அவள் படிக்கவில்லையோ, படித்தும் ஆசை விடவில்லையோ, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியின் மூலையில் டப்பாவை அடைகாக்க வைத்துவிட்டாள்.

அவள் கணவர் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறவர். மூக்குக்கண்ணாடி விற்கிறவருக்குக் கண் கூர்மை என்று நினைப்போம், அவருக்கு மூக்குதான் கூர்மை. தெருமுனையில் யாராவது பழம் நறுக்கினால் இவர் வீட்டுக்குள் இருந்துகொண்டே எந்தப் பழம் என்று சொல்வார். அப்படிப்பட்டவர் வீட்டில் முட்டை அழுகினால் என்ன ஆகும்?

"இந்தா, உனக்கு ஏதாவது வாடை வருதா?"

"என்ன வாடைங்க?"

"கேஸ் கசியுது."

கேஸ்காரர் வந்து சோப்பு நுரை தடவிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று போனார். கணவர் விடவில்லை. "அப்போ சாக்கடைக் குழாய்தான்" என்று குழாய்க்காரரைக் கூட்டி வந்துவிட்டார். குழாய்க்காரர் பையைக் கீழே வைத்து, குனிந்து, அலமாரிக்குள் தலையை விட்டார். பிறகு கையில் டப்பாவோடு தலை வெளியே வந்தது. கணவர் அந்த நேரம் பார்த்து ஜன்னல் ஓரம் மூக்கை நீட்டி வெளிக்காற்று வாங்கிக்கொண்டிருந்தார். களிம்பு உதட்டில் விரலை வைத்தாள். குழாய்க்காரர் டப்பாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், டப்பாவுக்குள் கிடந்த செம்புப் பூனையைப் பார்த்தார்.

"சார், அடைப்பு எங்கேன்னு தெரிஞ்சிடுச்சு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, டப்பாவைத் தன் கருவிப் பைக்குள் தள்ளினார்.

வந்ததற்கு ஏதாவது செய்து காட்ட வேண்டுமே. தண்ணீர் வருகிற செம்புக் குழாயில் பழைய இணைப்பு ஒன்றை அறுத்துப் போட்டு, புதுத் துண்டு வைத்துப் பற்றவைத்தார். ஊதுவிளக்கின் நெருப்பு குழாயைத் தொட்டது. களிம்பு வெறுமனே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நெருப்பு பட்ட இடத்துக்குப் பக்கத்தில், செம்பின் மேல் ஆரஞ்சு ஓடியது. அதன் பின்னால் ரோஜா, அதன் பின்னால் ஊதா, மயில் கழுத்து மாதிரி ஒரு நீலச்சாயல். எல்லாம் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. குழாய்க்காரர் விளக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார். எல்லாம் சாம்பல் கறுப்பாகிவிட்டது.

"ஐயோ! நிறுத்துங்க!" என்று கத்தினாள்.

கணவர் பதறி ஓடி வந்தார். "என்ன, சுட்டுடுச்சா?"

"இல்லைங்க. போயிடுச்சு."

"என்ன போயிடுச்சு?"

"வாடைதாங்க" என்றாள். அவர் மூக்கைச் சுருக்கி நாலு பக்கமும் இழுத்துப் பார்த்தார். டப்பா பைக்குள் போயிருந்ததால் வாடை உண்மையிலேயே குறைந்திருந்தது. குழாய்க்காரரின் கைராசியை அவர் பல நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் குழாய்க்காரர் மறுபடி வந்தார். வெட்டிய செம்புக் குழாய்த் துண்டுகளையும் ஒரு பையில் கொண்டு வந்திருந்தார். "குழாய்ல நிறம் மாறினா நாங்க கழட்டிப் போடுவோம். நீங்க நிறத்துக்காகவே முட்டை அவிக்கிறீங்க. நடத்துங்கம்மா" என்றார். குழாயை நீளவாக்கில் பிளந்து, நெருப்பில் காட்டி இளக்கி, மரச்சுத்தியால் தட்டினால் நல்ல தகடு. அன்றிலிருந்து பட்டறைத் துண்டுகளுக்கு அவள் கை ஏந்தவே இல்லை.

நெருப்பு வித்தை ஒரு மாதிரி கைவந்தது. அடுப்பில் காட்டுவாள், நிறம் ஓடி வரும், வேண்டிய இடத்தில் சட்டென்று எடுப்பாள். ஒரு நொடி பிந்தினால் போச்சு. தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் எனக்கு நெருப்புப் பாடம் ஒப்பித்த நாட்களில் முதலாளியின் தகடுகள் இரண்டு அளவுக்கு மேல் அரித்து ஓட்டையாகிவிட்டன. ஆரஞ்சு வந்தது, ஊதா வந்தது. சுத்தமான நீலம் வரவில்லை. பார்க்கிற நிறமெல்லாம் வந்துவிட்ட பிறகு வராத நிறத்தின் மேல்தானே ஆசை?

உப்புத் தண்ணீரைத் தகட்டில் தடவி அம்மோனியா ஆவியில் தொங்கவிட்டால் நீலம் பூக்கும் என்று கேள்விப்பட்டாள். ரசாயனக் கடையில் குப்பி வாங்கிவிட்டாள். ஆனால் எங்கே வைப்பது? முட்டையையே கேஸ் என்று கண்டுபிடித்த மூக்கு, கண்ணில் தண்ணீர் வரவைக்கிற அம்மோனியாவை விடுமா? இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் பட்டறைக்கு வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"வீட்ல ஏற்கனவே அம்மோனியா வாடை அடிக்கிற இடம் எது சொல்லு பார்ப்போம்?"

"எது?"

"அண்ணி மாடி! தலைச்சாயத்துல இருக்கே! மாடிப்படிக்குக் கீழே வச்சுட்டா, எவன் மோந்தாலும் அண்ணி கணக்குல போயிடும்!"

மூடி போட்ட ஒரு வாளி. அடியில் சின்னக் கிண்ணத்தில் அம்மோனியா. மேலே குறுக்காக ஒரு குச்சி, அதிலிருந்து நூலில் ஒரு ஜோடி இலைத் தோடு. வெளியே இருந்த மாடிப்படிக்குக் கீழே, பழைய துடைப்பங்களுக்குப் பின்னால் வைத்தாள். கணவரின் மூக்கு, திட்டமிட்டபடியே, மாடியைப் பார்த்து உயர்ந்தது. "அக்கா புதுச் சாயம் ஏதோ இறக்கியிருக்கா போல" என்று அவரே முடிவு செய்து, ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும் முன் வாளியைத் திறந்து பார்த்தாள். இலைகளின் பள்ளமெல்லாம் நீலம். வானத்திலும் இல்லாத, நகப்பூச்சிலும் இல்லாத ஒரு நீலம், மாவு தூவியது போல நரம்பு நரம்பாகப் பூத்திருந்தது. படியில் அப்படியே உட்கார்ந்து தனியாகச் சிரித்தாளாம். அதைச் சொல்லும்போதுகூட அவள் குரலில் வழக்கமான குசும்பு இல்லை. "என் கை ஒண்ணுமே பண்ணலடி. உப்பும் காத்தும் பண்ணிச்சு." என்றாள். இன்னும் கொஞ்சம் ஊறட்டும் என்று மறுபடி மூடிவிட்டு வந்தாள்.

மாடியில் நடந்தது பிறகு நாத்தனார் வாயாலேயே வெளிவந்தது. சாயம் போட வந்த பெண்கள் படியேறும்போதே கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்கள். முதலில் நாத்தனாருக்குப் பெருமைதான். "சரக்கு அவ்வளவு சுத்தம்" என்றாள். ஒரு பெண் பாதிப் படியிலேயே திரும்பிப் போனதும் பெருமை இறங்கியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி, துடைப்பத்தை விலக்கி, வாளியின் மூடியைத் திறந்தாள்.

கத்திக் கூப்பிட்டிருக்க வேண்டும். அவள் கத்தவில்லை. நூலில் தொங்கிய நீல இலைகளைப் பார்த்தாள். அன்று மாலை அழகு நிலையக்காரர்கள் சங்கக் கூட்டம். மேடையில் அவளுக்கு ஒரு நாற்காலி உண்டு. உடுத்தப் போகிற உடையும் நீலம். நூலை அறுத்தாள், தோட்டை எடுத்தாள், மூடியை மறுபடி மூடினாள்.

மாலையில் வாளியைத் திறந்த களிம்புக்கு அறுந்த நூல்தான் கிடைத்தது. யாரைக் கேட்பாள்? கேட்டால், அங்கே வாளி எப்படி வந்தது என்று கேள்வி வரும். அன்று அவள் சாப்பிடவே இல்லையாம். இரண்டாவது நாள் என்னிடம் வந்து, "நாய் தூக்கிட்டுப் போயிருக்குமா?" என்று கேட்டாள். நாய்க்குக் காது குத்தியிருக்கிறதா என்று நான் கேட்டதற்கு என் கையில் அடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாத்தனார் கீழே வந்து தம்பி வீட்டில் சாப்பிடுவது வழக்கம். அந்த ஞாயிறு, உச்சி வெயிலில், கழுத்தையும் காதையும் சேர்த்து ஒரு பட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் வியர்வை. தம்பி மின்விசிறியைப் பெரிதாக வைத்தார். விசிறிக்காற்றில் துணி நழுவியது.

"அக்கா, உன் காது ஏன் பச்சையா இருக்கு?"

நாத்தனார் துணியை இழுத்து மூடினாள். "புது ஃபேஷியல்."

"காதுக்கு மட்டுமா?"

"சாப்பிடுடா பேசாம."

திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். வலிக்கிறது, கத்த முடியாது. களிம்பு ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். அவளுக்கு உள்ளே பொங்கிக்கொண்டு வந்தது கோபமா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. ரொம்பப் பணிவாகச் சொன்னாள்:

"எலுமிச்சம்பழம் உப்பு வச்சுத் தேய்ச்சா போயிடும் அண்ணி."

"உனக்கெப்படித் தெரியும்?"

"எனக்கென்ன தெரியும்? செம்புப் பாத்திரத்துக்கு அப்படித்தான் தேய்ப்போம். காதுக்கும் கேக்கும்னு ஒரு யோசனை."

நாத்தனார் கரண்டியைக் கீழே வைத்தாள். "நானும் ஒண்ணு கேக்கறேன். அந்த ஜன்னல்ல உதிர்ந்து போய்க் கிடக்கே ஒரு மீன், அது மேல இருக்கிறது என் பவழ நிறம்தானே?"

"அது வண்டல் அண்ணி."

"யாரோட வண்டல்?"

"உங்களோடதுதான். காது யாரோட காது?"

"காது என்னோடது. மாடிப்படி யாரோட மாடிப்படி? என் கஸ்டமரை விரட்டினது யாரோட வாளி?"

தம்பி டென்னிஸ் பார்க்கிறவர் மாதிரி இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார். திடீரென்று கை அந்தரத்தில் நின்றது. மூக்கு மெல்ல விரிந்தது. பழைய ஞாபகம் ஒன்று அந்த மூக்கின் வழியாகவே அவருக்கு வந்தது போலிருந்தது.

"அப்போ... அன்னைக்கு வந்தது கேஸ் இல்ல, முட்டை நாத்தமா?"

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது நாத்தனார்தான். "முட்டை வேறயா?" என்று கேட்டுவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு, கழுத்துத்துணி முழுவதும் நழுவி விழ, காதும் கழுத்தும் பச்சைப் பசேலென்று தெரியச் சிரித்தாள். களிம்பு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். முட்டை, டப்பா, குழாய்க்காரர், நல்லாயிருந்த குழாயை அறுத்தது, ஒன்றுவிடாமல். கணவர் மட்டும் சிரிக்கவில்லை. "கைராசிக்காரர்னு நான் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன்" என்று ரொம்ப நேரம் வருத்தப்பட்டார்.

சிரிப்பு அடங்கியதும் நாத்தனார் இன்னொரு குண்டைப் போட்டாள். கூட்டத்தில் மேடைக்குக் கீழே இருந்தவர்கள் யாரும் பேச்சைக் கேட்கவில்லையாம், காதைத்தான் பார்த்தார்களாம். எங்கே வாங்கியது என்று ஆளாளுக்கு மொய்த்துவிட்டார்கள். இவள் வாய் சும்மா இருக்குமா? "இம்போர்ட்டட்" என்று சொல்லிவிட்டாள். எல்லாருக்கும் வேண்டுமாம்.

"கொடுத்துடலாம் அண்ணி. ஆனா கூடவே பச்சைக் காதும் கொடுக்கணும். மேல ஏதாவது பூசி அடைக்கணும். அப்புறமும் சில மீனுக்கு நீலம் ஏத்திப் பார்த்துட்டேன், வார்னிஷ் போட்டா நீலம் நனைஞ்ச மாதிரி கறுத்துப்போகுது, இல்லைன்னா உரியுது."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏம்மா, என் அலமாரியில அத்தனையும் திருடினியே. ஜெல் பாட்டிலைத் திருடினியா?"

"இல்லையே."

"அதான். திருடத் தெரியாதவ கையில கிடைச்சா இப்படித்தான்."

நகத்துக்குக் கடைசியாகப் பூசுகிற நிறமில்லாத ஜெல் அது. சாதாரணமாகக் காயாது. ஒரு சின்ன ஊதா விளக்குப் பெட்டிக்குள் விரலை நீட்டினால்தான் கெட்டியாகும். அன்று மதியமே இரண்டு பேரும் மாடிக்குப் போனார்கள். முதல் மீனில் பூச்சு சுருங்கிப் போனது, ஜெல்லைத் தடிமனாக வைத்துவிட்டார்கள். இரண்டாவதில் குமிழி, தகடு சரியாகக் காயவில்லை. நாத்தனார் தூரிகையைப் பிடுங்கிக்கொண்டாள். "நகத்துக்குப் போடற மாதிரி போடணும். தடவக் கூடாது, தொட்டுட்டு ஓடிடணும்." தகட்டின் உப்பை நன்றாகக் கழுவி, முழுக்க உலரவிட்டு, மெல்லிசாக ஒரு பூச்சு, விளக்கு, மறுபடி ஒரு பூச்சு, மறுபடி விளக்கு. அரித்த பள்ளத்தின் சொரசொரப்பில் ஜெல் வேர் பிடித்த மாதிரி நின்றது. களிம்பு வளைத்துப் பார்த்தாள், உரியவில்லை. நீலம் கொஞ்சம் அடர்ந்ததே தவிர கெடவில்லை. காதில் படுகிற கொக்கியை மட்டும் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றினார்கள்.

அதற்குப் பிறகு மாடி அழகு நிலையத்தில் வினோதமான காட்சிகள். விரல் நகத்தில் ஈரப் பூச்சோடு ஒரு அம்மாள் கையை விரித்துக்கொண்டு காத்திருப்பார். விளக்குக்குள் பூனை காய்ந்துகொண்டிருக்கும். "ஒரு நிமிஷம் மேடம், உள்ளே ஆள் இருக்கு" என்பாள் நாத்தனார்.

இம்போர்ட்டட் என்ற பொய்யைத்தான் காப்பாற்ற முடியவில்லை. சங்கத்துத் தலைவி ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். மாடியில் உட்கார வைத்து, எந்த நாட்டுச் சரக்கு என்று நாத்தனார் அளந்துகொண்டிருக்கும்போது, கீழேயிருந்து குழாய்க்காரர் குரல் கொடுத்தார்: "அம்மா, செம்பு வந்திருக்கு! பாத்ரூம்ல கழட்டினது, நல்லாக் கழுவிக்குங்க!"

தலைவி நாத்தனாரைப் பார்த்தார். முழுப் பூசணிக்காயை எந்தச் சோற்றில் மறைப்பது?

"எங்க ஏஜென்ட்" என்றாள் நாத்தனார், முகத்தை மாற்றாமல். தலைவிக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. பூனையில் இரண்டு ஜோடி எடுத்துக்கொண்டு போனார். மறுவாரமே சங்கத்தில் எல்லாரும் "ஏஜென்ட் வந்தாரா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

இப்போது சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் பின்னால் கூடுகிற கைவினைச் சந்தையில் இருவருக்கும் ஒரு மேசை உண்டு. களிம்பு செய்வாள், நாத்தனார் பேசுவாள். பட்டறை வேலையை அவள் விடவில்லை. "கறுப்பு போட்டுட்டு இருந்தாத்தான் நீலத்தோட அருமை தெரியும்" என்கிறாள். விலையில் சண்டை, எந்த ஜோடியை முன்னால் வைப்பது என்பதில் சண்டை, நீலத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் பெரிய சண்டை. நான் உதவிக்குப் போன ஒரு சனிக்கிழமை, அவர்கள் சண்டையைப் பார்க்கவே ஒரு கூட்டம் நின்றது. நின்றவர்கள் வாங்கவும் செய்தார்கள்.

அவளுக்கு இன்னும் பிடிபடாத நிறம் சிவப்பு. செங்கல் சிவப்பு இல்லை, பழுப்பு இல்லை, நல்ல இரத்தச் சிவப்பு. நெருப்பில் ஒரு கணம் தலைகாட்டிவிட்டு ஓடிப்போகும். பிடித்து ஜெல் போட்டால் மங்கிவிடும். போன மாதம் ஒரு அம்மாள் சந்தையில் மேசைக்கு முன்னால் வந்து, கழுத்துப் பதக்கம் ஒன்றை டக்கென்று வைத்தார். ஜெல் போடாமல் விற்ற பழைய ஊதா குடை.

"ஊதான்னு சொல்லி வாங்கினேன். இங்க பாருங்க என்ன ஆகியிருக்குன்னு!"

நாத்தனார் சமாதானம் சொல்ல வாயைத் திறந்தாள். களிம்பு அவளைத் தள்ளிவிட்டு, பதக்கத்தை எடுத்து வெயிலில் பிடித்தாள். குடையின் ஓரமெல்லாம் சிவந்திருந்தது. அவள் தேடிய சிவப்பு.

"நீங்க என்ன சென்ட் போடறீங்க?"

"என்னது?"

"சென்ட்டும்மா, சென்ட். பதக்கம் போட்டுக்கிட்டு மேல அடிப்பீங்களா, அடிச்சிட்டுப் பதக்கம் போடுவீங்களா? ரொம்ப வேர்க்குமா உங்களுக்கு?"

அந்த அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. புகார் சொல்ல வந்தவரிடம் இப்படியா கேட்பது? களிம்பு மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, அவர் கையைப் பிடித்து, நாற்காலியில் உட்கார வைத்து, விஷயத்தைச் சொன்னாள். வேறு எந்த ஜோடி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், இந்தக் குடையை மட்டும் எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்றாள். அம்மாள் சம்மதித்தார். பிறகு கைப்பையைத் திறந்து சென்ட் குப்பியை எடுத்து, மேசையில் இருந்த ஒரு வெற்றுத் தகட்டின் மேல் தானே புஸ்ஸென்று அடித்துக் காட்டினார்.

இப்போது அவர் வாரம் ஒரு தடவை களிம்பு வீட்டுக்கு வந்து, வரிசையாக வைத்திருக்கிற தகடுகள் மேல் சென்ட் அடித்துவிட்டுப் போகிறார். கணவர் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை. சில தகடுகளில் சிவப்பு வருகிறது, சிலவற்றில் வருவதில்லை. ஏனென்று களிம்புக்கு இன்னும் தெரியவில்லை. அந்த அம்மாளுக்கும் தெரியாது. ஆனால் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.